கதவுக்குப் பின்னால் ஒரு பை

ஜெருசலேமில் அந்த வாரம் இரண்டே பேச்சு. ஒன்று, ஒருவழியாக மழை வந்துவிட்டது. இன்னொன்று, ஆயிரம் வருடத்துப் பழைய வேத ஏடுகளைப் பாக்தாத்காரப் பையன் ஒருத்தன் அடித்துக்கொண்டு போய்விட்டான். மழையைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது, ஷூ நனைந்ததைத் தவிர. அந்தப் பையன் மட்டும் என் எதிரில், காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பெயர் சாலிம் பெக்கோர். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. சட்டைக் காலர் இடது பக்கம் கிழிந்து தொங்கியது. போலீஸ் உபசாரமாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்டால், தானே கிழித்துக்கொண்டதாகச் சொன்னான். யூத வீட்டில் அப்பா செத்தால் பிள்ளை கிழிப்பான். வேதம் சொல்லிக்கொடுத்த குரு செத்தாலும் கிழிக்கலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள்?

"ரொம்ப நல்ல நடிகன், இல்லேன்னா ரொம்ப நல்ல பையன்" என்று என் முதலாளியின் காதில் கிசுகிசுத்தேன்.

"வாயை மூடு செலிக்" என்றார் அவர். அவர் என்னிடம் அதிகமாகப் பேசும் வாக்கியம் அதுதான்.

மத்தில்டா அந்தேபி. அலெப்போவில் பிறந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், யாஃபா தெருவில் ஒரு தையல்கடைக்கு மேல் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். நான் செர்னோவிட்ஸ்காரன். ஊரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தேன், இங்கே இவரிடம். ஒரே வித்தியாசம், அங்கே ஜனங்கள் வாயைத் திறந்தார்கள்.

சாலிம் திறந்தான். மேடம் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார்.

விஷயம் இதுதான். சாலிமின் குரு பேராசிரியர் எலியாகிம் ரோஸ்னர் கைக்கு மூன்று தோல் ஏடுகள் வந்திருந்தன. குடியேறி வந்த ஒரு குடும்பம் அவற்றைத் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தது. பிரசவ வலி எடுத்தால் அந்தத் தலையணையைத் தலைமாட்டில் வைப்பார்களாம். இப்படி நாலு தலைமுறை பிள்ளை பெற்றிருக்கிறது அந்தக் குடும்பம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே. பேராசிரியர் பிரித்துப் பார்த்தார். வேதத்தின் கடைசிப் பகுதியில் வரும் ஒரு பாட்டு. எந்தப் பிரதியைப் பார்த்து மற்ற எல்லாப் பிரதிகளையும் திருத்த வேண்டும் என்று எங்கள் ஜனங்கள் காலங்காலமாகச் சண்டை போட்டார்களோ, அந்த மாதிரி மூலப் பிரதியை எழுதக்கூடிய பெரிய கையின் எழுத்து என்று அவர் முடிவு செய்தார்.

"அந்தப் பாட்டை இரண்டு பத்தியாப் பிரிச்சு எழுதணும் மேடம்" என்றான் சாலிம். "எத்தனை வரியில எழுதணும்கிறதுதான் வழக்கு. நம்ம வேதச் சுருள் எல்லாத்துலயும் எழுபது வரி. ஏமன்காரங்க மட்டும் அறுபத்தேழு வரியில எழுதுவாங்க. மத்தவங்க அவங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. இந்த ஏட்டுல அறுபத்தேழு இருந்தது. சார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்."

மூன்று வரி வித்தியாசத்துக்காகவா ஒரு மனுஷன் அழுவான் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஜனங்களை எனக்குத் தெரியும். ஒரு புள்ளிக்காகத் தாயும் பிள்ளையும் பேசாமல் போன வீடுகள் உண்டு.

சாக்கடல் குகைகளில் ஜாடிக்குள் சுருள்கள் கிடைத்த நாளிலிருந்து ஊரில் பாதிப் பேருக்குப் பழந்தோல் பைத்தியம். வியாபாரிகள் பேராசிரியர் வீட்டுப் படியேறிக்கொண்டே இருந்தார்கள். அவர் பயந்து, ஏடுகளைத் தன் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பையில் ஒளித்துவைத்தார். நீலக்கோடு போட்ட பழைய தலையணை உறை அது. எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு பை தொங்கும். கிழிந்த ஜெபப் புத்தகத் தாள்களை அதில் போடுவோம். ஆண்டவர் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் எறியவும் கூடாது, எரிக்கவும் கூடாது. பை நிறைந்தால் இறந்தவர்களை அடக்கம் செய்யும் குழுவிடம் கொடுப்போம், அவர்கள் இடுகாட்டில் புதைப்பார்கள்.

"திருடன் கிழிஞ்ச தாளைத் தேட மாட்டான், வீட்டு ஜனங்க அதைத் தூக்கி எறிய மாட்டாங்க, இதைவிடப் பத்திரமான இடம் பேங்க்லகூட இல்லைன்னு சார் சிரிப்பார். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் மேஜையிலேயே சரிந்துவிட்டார். மனைவி ஃப்ரூமா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். சாலிம் மட்டும் அவருடன் இருந்தான். டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்குவதற்குள் அடக்கமும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகத்து ஆட்கள் ஏடுகளை வாங்க வந்தார்கள். பையில் இருக்கிறது என்றான் சாலிம். பையே இல்லை. அந்த அறையில் என்றைக்குமே பை தொங்கியதில்லை என்று ஃப்ரூமா அம்மாள் சொன்னாள். துக்கம் காத்து உட்கார்ந்திருக்கும் விதவை பொய் சொல்வாளா? போலீஸ் சாலிமைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நாளைக் காலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். குடியேறி வந்தவர்கள் முகாமில், தகரக் கூரைக்குக் கீழே, நிறைமாதத்தில் அவன் மனைவி. அவள்தான் தையல்கடை மாடிப்படியை மூச்சு வாங்கி ஏறிவந்து எங்களைப் பிடித்தவள்.

"ஜெயிலுக்குப் பயப்படலை மேடம்" என்றான் சாலிம். "ரொட்டி திருடினவனை மன்னிப்பாங்க. வேதத்தைத் திருடினவனை ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேர்ல ஒருத்தனாக்கூடச் சேர்க்க மாட்டாங்க. பிறக்கப்போற குழந்தைக்கு நான் என்ன பேர் வைக்கிறது, யாரைக் கூப்பிட்டு வைக்கிறது?"

மேடம் எழுந்தார். "பை இருந்ததுன்னா போயிருக்கு. போயிருந்தா எங்கேயோ இருக்கு. வா செலிக்."

ரோஸ்னர் வீடு கெரெம் அவ்ரஹாமில் ஒரு குறுக்குச் சந்தின் முனையில் இருந்தது. துக்க வீட்டுக்கு ஐந்தாம் நாள். கண்ணாடிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். ஃப்ரூமா அம்மாள் சுவரோரம் குட்டை முக்காலியில், துணிச் செருப்புடன் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி உடம்பு, பெரிய கைகள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சும்மா இருந்தார்கள்.

துக்கம் காப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது. அது சட்டம். துப்பறிகிறவர்களுக்கு இதைப்போல இடைஞ்சலான சட்டம் வேறு இல்லை. மேடம் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாள் பேசவில்லை. மேடமும் பேசவில்லை. எனக்குச் சும்மா இருக்க வராது. அறையைப் பார்த்தேன்.

படிப்பறைக் கதவு திறந்தே இருந்தது. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஆணியும் இல்லை, பையும் இல்லை. சுவர் முழுக்கப் பழுப்பேறியிருந்தது, ஆனால் தோள் உயரத்தில் ஓரிடம் மட்டும் வெளுப்பு. யாரோ ஈரத் துணியால் துடைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, அதில் சோப்பு அடைத்திருந்தது. மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தேன். பார்த்துவிட்டேன் என்று அவர் கண்ணாலேயே சொன்னார்.

கூடத்தின் மூலையில் ஒரு சிறிய மர அலமாரி, அதன் முன்னால் திரை. துக்க வீட்டில் காலை ஜெபத்துக்கு வேதச் சுருள் கொண்டுவந்து வைப்பது வழக்கம்தான். மேடம் எழுந்து போய்த் திரையைத் தொட்டு, விரலை முத்தமிட்டார். அப்போதுதான் ஃப்ரூமா அம்மாள் வாய் திறந்தாள்.

"அது ஜெபக்கூடத்துலேருந்து வந்ததில்ல. எங்க வீட்டுது. எங்கப்பா எழுதினது."

சதகோராவில் எழுதியதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சதகோரா எங்கள் ஊருக்கு ஆற்றுக்கு அக்கரை. சின்ன வயதில் செர்ரி தின்னப் போவோம். நான் செர்னோவிட்ஸ்காரன் என்று சொன்னதும் அவள் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். அப்பா நாலு சுருள் எழுதினார், மூன்று யுத்தத்தில் ஜெபக்கூடங்களோடு எரிந்தன, இது ஒரு உருளைக்கிழங்கு வண்டியில் தப்பியது என்றாள். அப்பா தப்பவில்லை. அதை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம்.

அப்புறம் மேடம் பையைப் பற்றிக் கேட்டார். அம்மாளின் முகம் மூடிக்கொண்டது.

"போலீஸ்கிட்ட சொல்லிட்டேன். பை கிடையாது."

நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். குழாய்க்குப் பக்கத்தில் துணி துவைக்கிற இனாமல் பேசின் ஒன்று, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. மூடியிருப்பதைத் திறந்து பார்ப்பது என் தொழில். உள்ளே உப்புத் தண்ணீரில் வெள்ளரிக்காய்கள் மிதந்தன. பூண்டும் சதகுப்பையும் போட்டு, எங்கள் ஊர்ப் பக்குவம். இந்த ரேஷன் காலத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தே வருடங்கள் ஆகிவிட்டன. நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். உண்மையைச் சொன்னால் இரண்டு.

தெருவுக்கு வந்ததும் மேடம் மூக்கைச் சுளித்தார்.

"துக்க வீட்டுல திருடித் தின்னியா?"

"சாட்சியத்தைப் பரிசோதிச்சேன் மேடம். ஊறுகாய் பிரமாதம். என்ன, துணி துவைக்கிற பேசின்ல போட்டு வச்சிருக்காங்க. கொஞ்சம் சோப்பு வாசனை."

மேடம் நின்றுவிட்டார். மழைத் தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"பேசின்லயா? ஜாடி எங்கே?"

"ஜாடி எதுவும் பார்க்கலையே."

"செலிக், உங்க ஊர்ல எந்தப் பொம்பளையாவது ஊறுகாயைத் துணி துவைக்கிற பேசின்ல போடுவாளா?"

"எங்கம்மா உயிரோட இருந்திருந்தா, அப்படிப் போட்டவளைத் தெருவுல சேர்க்க மாட்டா."

"அப்ப ஊறுகாய் ஜாடிக்கு ஒரு அவசர வேலை வந்திருக்கு. புருஷன் செத்த வீட்டுல, ஓய்வுநாள் தொடங்கறதுக்குள்ள, ஒரு மண் ஜாடிக்கு என்ன அவசரம்?"

சாம்பல் அள்ளவா, தண்ணீர் பிடிக்கவா என்று என்னவோ உளறினேன். அவர் ஏற்கெனவே வேகமாக நடந்துகொண்டிருந்தார். அடக்கக் குழுவின் கொட்டகை எங்கே என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கற்றறிந்த பெரியவர் ஒருவரை அடக்கம் செய்யும்போது, வீட்டிலிருக்கும் கிழிந்த வேதத் தாள்களையும் அவருக்குப் பக்கத்தில் புதைப்பது ஒரு மரியாதை. அந்தத் தாள்கள் அவருக்குத் துணையாம்.

"அட பாவமே" என்றேன். "அடக்கக்காரங்க பையைப் பார்த்துட்டு, மரியாதைன்னு நினைச்சுத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஆயிரம் வருஷப் பொக்கிஷத்தைக் கிழிஞ்ச தாளோட தாளாப் புதைச்சுட்டாங்க. யாருமே திருடன் இல்லை. கேஸ் முடிஞ்சது, வாங்க டீ குடிக்கலாம்."

"நீ சொல்றது சரின்னா ஜாடி எதுக்கு?" என்றார் மேடம்.

கெட்ஸல் கொட்டகை வாசலில் பாடைப் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். மலை மாதிரி உடம்பு, ஈரத் தாடி. ஊரில் பாதிப் பேரைக் குளிப்பாட்டி அனுப்பியவர். அவரைப் பார்த்தால் என்னையறியாமல் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன், இன்னும் நாள் இருக்கிறது என்று காட்டுவதற்கு. செத்தவர் வீட்டுச் சமாச்சாரத்தை வெளியே பேசுவதில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

மேடம் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பொதுவாகக் கேட்டார். கிழிந்த தாள்களை எதில் வைத்துப் புதைப்பீர்கள்?

"மாவுச் சாக்குல. வேற எதுல? மண்ணோட மண்ணாப் போகணும், அவ்வளவுதானே."

"ஜாடியில வைக்கிறதில்லையா?"

கெட்ஸல் பலகையைக் கழுவுவதை நிறுத்தினார். ஜாடியில் வைக்கச் சொல்லிப் பழைய நூல்களில் இருக்கிறது, ரொம்ப நாள் கெடாமல் இருக்கட்டும் என்று வைப்பது. ஆனால் இப்போது யார் அதற்கு மெனக்கெடுகிறார்கள் என்றார். இந்த முப்பது வருடத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் ஜாடி கொடுத்தார்களாம். பூண்டு வாசனை அடித்த ஜாடி. தாள்கள் மெழுகுத் துணியில் சுற்றி, வாய்க்கு மெழுகு ஊற்றி இருந்ததாம்.

"பையை நீங்களே வீட்டுக்குள்ள போய் எடுத்தீங்களா?" இது நான்.

அவர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். "ஒரு ஊசியைக்கூட நாங்களா எடுக்க மாட்டோம். வீட்டம்மா தன் கையால கொண்டுவந்து கொடுத்தாங்க. அவரோட குழியில வேண்டாம், பக்கத்துல தனியா ஒரு குழி வெட்டி வைங்கன்னு சொன்னாங்க. மழை இறங்காத மேட்டுப் பக்கமாப் பார்த்து வைக்கச் சொன்னாங்க."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் தவறிப்போய்க் கொடுக்கவில்லை. கிழிந்த தாளுக்கு யாரும் மெழுகு ஊற்ற மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து புதைத்திருக்கிறாள். தெரிந்தே பையனைப் போலீஸிடம் விட்டிருக்கிறாள்.

இதை மாஜிஸ்திரேட்டிடம் வந்து சொல்ல முடியுமா என்று மேடம் கேட்டார். முடியாது என்று கெட்ஸல் தலையை ஆட்டினார். சத்தியம் செய்து சாட்சி சொல்கிற வழக்கம் அவர் குடும்பத்திலேயே கிடையாது. புதைக்கக் கொடுத்தவர் தன் வாயால் சொல்லாமல் புதைத்ததைத் தோண்டவும் மாட்டார். வேறு கேள்வி இல்லையென்றால் பலகையை இருட்டுவதற்குள் காயவைக்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தேன். சாலிம் புருஷனிடம் நெருக்கமாக இருந்தது பொறுக்கவில்லை, பாக்தாத்காரன் என்கிற இளக்காரம், விற்கிற திட்டம், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மேடம் ஒன்றே ஒன்று சொன்னார். விற்கிறவள் மழை இறங்காத மேட்டைத் தேட மாட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் போயிருந்தார்கள். ஃப்ரூமா அம்மாள் அதே முக்காலியில், தனியாக. மேடம் இந்தத் தடவை நாற்காலியைத் தேடவில்லை. தரையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வழக்கத்தை மீறி அவரே முதலில் பேசினார். எனக்கே திக்கென்றது.

"பேசின்ல இருந்தா வெள்ளரிக்காய் கெட்டுடும் அம்மா. வேற ஜாடி வாங்கித் தரட்டுமா?"

அவள் தலை சமையலறைப் பக்கம் திரும்பியது.

"அஞ்சு நாளா யாரும் சமையல்கட்டுக்குள்ள போகலையே" என்றாள் அம்மாள்.

"இந்தப் பய போனான். ரெண்டு தின்னான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "உப்பு சரியா இருந்ததா?" என்று கேட்டாள். நான் எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கேட்டவளைப் பார்த்ததில்லை. சரியாக இருந்தது என்றேன்.

அப்புறம் அவள் சொன்னாள். நிறுத்தாமல், தாழ்ந்த குரலில், முழங்காலைப் பார்த்துக்கொண்டே. புருஷன் போன மாதம் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, ஃப்ரூமா நீயும் எண்ணு என்றாராம். எண்ணினாள். அறுபத்தேழு. அவர் அறையில் ஆடினார். அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் சுருளில் அந்தப் பாட்டு எழுபது வரி. அவர் குருவின் கை அப்படி, குருவின் குருவின் கை அப்படி.

"இந்த ஏடு சரின்னு அச்சடிச்சு வந்தா, எங்கப்பா எழுதினது தப்பு. எழுத்துப் பிசகுன்னா சுரண்டித் திருத்தலாம். வரி அமைப்பு தப்புன்னா என்ன பண்ண முடியும்? செல்லாத சுருளைப் புதைக்கணும். எங்கப்பாவுக்கு ஒரு குழிகூடக் கிடைக்கலை. ஆத்துக்கு அந்தப் பக்கம் எந்தப் பள்ளத்துல கிடக்கறார்னே தெரியாது. மிச்சம் இருக்கறது அவர் கை ஒண்ணுதான். அதுக்கும் நானே குழி வெட்டணுமா?"

அவர் ஏடுகளைப் பையில் ஒளித்ததை அவளும் ஒரு நாள் பார்த்திருந்தாளாம். வெள்ளிக்கிழமை அவர் செத்ததும், கத்தி அழக்கூடத் தோன்றாமல், ஜாடியைக் காலி செய்தாளாம். எரிக்க முடியாது, ஆண்டவர் பெயர் இருக்கிறது. நனையவிட முடியாது, புருஷன் உயிரை விட்டது அதன்மேல்தான். புதைத்தால் போதும், யாரும் பார்க்காமல் இருந்தால் போதும். பொருளே கிடைக்கவில்லை என்றால் பையனை ஒரு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். விடவில்லை. அதற்குப் பிறகு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அவள் பக்கம்தான் மனசு போனது. எங்கள் ஊர் ஆறு, எங்கள் ஊர்ப் பள்ளம். என் அம்மாவும் அங்கேதான் எங்கோ கிடக்கிறாள். மூன்று வரிதானே, இருக்கட்டுமே, சாலிமுக்கு நல்ல வக்கீலாகப் பார்ப்போம் என்று மேடத்திடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"உங்கப்பா சுருள் செல்லுமா, செல்லாதா, எனக்குத் தெரியாது" என்றார் மேடம். "வேதம் படிச்ச ரப்பிகள் சொல்லட்டும். நான் பொய்யா ஆறுதல் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்கறேன். எழுதறப்போ ஆண்டவர் பேர்லயே பிசகு வந்தா உங்கப்பா என்ன செய்வார்?"

"அதைச் சுரண்டக் கூடாது. முழுத் தோலையும் எடுத்து வச்சிட்டு, அந்தப் பக்கத்தை முதல்லேருந்து எழுதணும்."

"அவருக்கு அப்படி ஆகியிருக்கா?"

"ஒரு தடவை. குளிர்காலம். ரெண்டு வாரம் எழுதின தோல். வீட்டுல மாவு இல்ல. எழுதி முடிச்சாத்தான் கூலி."

"யார் பார்த்தாங்க அந்தப் பிசகை?"

"யாரும் பார்க்கலை. எழுத்தோட சின்ன ஒரு கால், மைக்குள்ளேயே மறைஞ்சு போயிருந்தது."

"அப்புறம்?"

"அவரே சொன்னார்" என்றாள். சொல்லிவிட்டு அப்பாவின் சுருள் இருந்த அலமாரியைப் பார்த்தாள். மேடம் பேச வேண்டியதைக் கேள்வியாகவே கேட்டு முடித்துவிட்டார்.

பிறகு அம்மாள், அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். குருவுக்காகக் காலரைக் கிழித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றேன் நான். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. புருஷனுக்காகத் துணி கிழித்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அவள் முகம் கோணிப்போனது, அப்போதுதான் அழுதாள், சத்தம் போட்டு, ஐந்து நாள் அழுகையையும் சேர்த்து.

துக்கம் காப்பவர் ஏழு நாள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. ஃப்ரூமா அம்மாள் எழுந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, துணிச் செருப்போடு மழையில் இறங்கினாள். நான் என் மேல்கோட்டை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினேன். காவல் நிலையம் போய்ச் சேர்ந்தபோது செருப்பு இரண்டும் சேறாகியிருந்தன.

இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"பை இருந்தது. நான்தான் எடுத்தேன். புதைக்கச் சொன்னதும் நான்தான். தோண்டச் சொல்லி கெட்ஸல்கிட்ட நானே சொல்றேன், எடுத்துக் கொடுப்பார். பையனை விடுங்க."

எழுதிக்கொள்ளவும் கையெழுத்து வாங்கவும் அவர்களுக்கு அரை மணி ஆனது. பொய் சொன்னதற்கு அவள்மேல் வழக்கு வரலாம் என்றார் இன்ஸ்பெக்டர். வரட்டும் என்றாள். பிறகு சாலிமைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நடந்ததை யாரோ அவனிடம் உள்ளேயே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு முன்னால் வந்து நின்றான். அவன் திட்டுவான் என்று நான் எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஆனால் அவன் அவள் பேசுவதற்காகக் காத்து நின்றான், துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி. அவன் வர முடியாமல் போன வீடு.

"என்னை ஏன்னு கேளு" என்றாள் அம்மாள்.

அவன் கேட்கவில்லை. துக்கம் காப்பவர்களிடம் விடைபெறும்போது சொல்கிற அந்த ஒரே ஆறுதல் வாக்கியத்தை, தலையைக் குனிந்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். அதைக் கேட்டு அவள் இன்னும் சிறுத்துப் போனாள். பிறகு அவன் என்னிடம் முகாமுக்குப் போகிற கடைசி பஸ் போயிருக்குமா என்று கேட்டான்.

வாசல்வரை போனவன் நின்றான். திரும்பாமலே பேசினான்.

"நாளைக்கு ஜாடியை நான்தான் திறப்பேன். வேற யார் தொட்டாலும் தோல் உடைஞ்சுடும். சார் விட்ட இடத்துலேருந்து எழுதப்போறேன். அறுபத்தேழுன்னுதான் எழுதுவேன்."

ஃப்ரூமா அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுது" என்றாள்.